இழுத்து விட்ட ராகு காலம்

கொட்டகலை கடைவீதியில், ஸ்டேஷனுக்குத் திரும்புகிற முக்கில், ஒரு கடை இருந்தது. அங்கே தையல் மெசினுக்கு மேலே போன் சார்ஜர்கள் தொங்கும். அதை நடத்தியவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது போய் அவரிடம் சொல்லுவார்கள். அவர் இதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது பாரா இடுப்புல கொஞ்சம் லூசா இருக்கு தம்பி" என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே அக்கா என்றே வைத்துக்கொள்வோம். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது, அவரைவிட இருபது வயது மூத்த தபால்காரர் உட்பட.

அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் அளவு நாடா தொங்கும். முதல் இஞ்சு தேய்ந்து அழிந்துபோனது. அதனால் இரண்டாவது இஞ்சிலிருந்து அளந்து ஒன்றைக் கழித்துக்கொள்வார். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று எங்களுக்குள் ஒரு பந்தயம் இருந்தது. போய்க் கேட்க யாருக்கும் தைரியம் வராததால் அந்தப் பந்தயம் இன்றுவரை அப்படியே கிடக்கிறது.

அளக்காமல் எதையும் விற்கமாட்டார், வாங்கவும் மாட்டார். பாண் வாங்கினால் பாணை அளப்பார். பேக்கரிக்காரர் அவரைத் தூரத்தில் கண்டதுமே இருப்பதில் நீளமானதைப் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்.

தொண்ணூறுகளில் அது வெறும் தையல் கடை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு ஜனவரியில் அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள். எல்லோரும் ஒன்றையே சொல்லுவார்கள். "வளர்ற புள்ள. ரெண்டு இஞ்சு கூட வெச்சுத் தைங்க."

"இப்ப நிக்கிற புள்ளைக்குத்தான் தைப்பேன்" என்பார் அக்கா. "வளந்த புள்ள அடுத்த வருசம் வரட்டும். அப்ப பிரிச்சு விடுறேன்."

சொன்னபடியே செய்வார். சட்டையின் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து ஒளித்து வைத்திருப்பார். மறுவருடம் பிள்ளை நீண்டு வந்து நின்றால், தையலைப் பிரித்து, அந்தத் துணியை வெளியே விட்டு, திரும்பவும் தைத்துக் கொடுப்பார். அதற்குச் சின்னதாக ஒரு கூலி. "ஒருக்கா சட்டைக்குக் காசு குடுத்தவங்ககிட்ட ரெண்டாந்தரம் சட்டை வெல கேக்கக் கூடாது. சும்மாவும் செஞ்சு குடுக்கக் கூடாது. சும்மா செஞ்சா நானும் சும்மாதான் செய்வேன்." இதுதான் அவருடைய வியாபார சாஸ்திரம் முழுவதும். என் பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாம் இப்படி மூன்று தடவை பிரிக்கப்பட்டவை. நான் வளர்ந்ததற்கு வீட்டில் வேறு அத்தாட்சி எதுவும் இல்லை.

ஒரு தடவை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய தொரை, பழைய காற்சட்டை ஒன்றை வாச்சரிடம் கொடுத்து, இதே மாதிரி ஒன்று தைத்து வரச் சொல்லி அனுப்பினார். அக்கா காற்சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இது காற்சட்டை. எனக்குத் தொரை வேணும்." ஊர் நடுங்கியது. இரண்டு நாள் கழித்து ஜீப் வந்து நின்றது. தொரை இறங்கி, கடைவீதி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா "கையத் தூக்குங்க" என்றதும் தூக்கினார், "மூச்ச விடுங்க" என்றதும் விட்டார். அந்த மூச்சை விட்ட பிறகு இடுப்பளவு மூன்று இஞ்சு கூடியது. அதையும் அக்கா சத்தமாகவே வாசித்தார். பிறகு கொஞ்ச நாளைக்குத் தோட்டத்தில் யாருக்கும் தொரையைக் கண்டால் அவ்வளவாகப் பயம் வரவில்லை.

போன் வந்த பிறகு அக்கா போனுக்குக் காசு ஏற்றுகிற ரீலோட் போட ஆரம்பித்தார். பிறகு ரவிக்கைத் துணியில் மிஞ்சுகிற துண்டுகளில் போனுக்கு உறை தைத்தார். ஒவ்வொரு போனையும் அளந்துதான் தைப்பார். "ரெண்டும் ஒரே மாடல்தான்" என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. "இரட்டைப் புள்ளைங்களக்கூட நான் தனித்தனியா அளப்பேன்" என்று பதில் வரும்.

நான் அப்போது கொழும்பில், கடைகளுக்குக் கணினி வேலை செய்துகொடுக்கிற ஒரு சின்ன இடத்தில் இருந்தேன். சனி ஞாயிறு ரயிலேறி வீட்டுக்கு வருவேன். போனில் ராகு காலம் காட்டுகிற ஒரு சின்னச் செயலியை எழுதியிருந்தேன். திறந்தால் ஏழு கிழமை, ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் ராகு காலம். அவ்வளவுதான். அந்தக் காலத்துப் போன்களில் தமிழ் எழுத்து கிடையாது என்பதால் எழுத்துகளை, கிழமைகள் ஒரு படம், நேரங்கள் இன்னொரு படம் என்று, படமாகவே வரைந்து ஒட்டியிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஆடு வாங்குவது, பிள்ளைக்குக் காது குத்துவது எல்லாம் ராகு காலம் பார்த்துத்தான். ஆகவே விற்கும் என்று கணக்குப் போட்டு, அக்காவின் கடைக்குக் கொண்டுபோனேன்.

அக்கா அதை இரண்டு மூன்று போன்களில் போட்டுப் பார்த்தார். சின்னப் போனில் சனிக்கிழமை திரைக்கு வெளியே போய்விட்டது. பெரிய போனில் எழுத்து ஊறிப்போன பிஸ்கட் போல இருந்தது.

"என்னா தம்பி, ஒரே சட்டைய எல்லாருக்கும் மாட்டி விட்டிருக்க?"

"அது தானா பெரிசாகும்க்கா. சின்னதுக்குத் தானா சுருங்கும்."

"தானா பெரிசாகுறது வீக்கம்" என்றார் அக்கா. "போய்த் தனித்தனியா தச்சுக் கொண்டு வா."

இரண்டு மாதம் உட்கார்ந்து சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் செய்து கொடுத்தேன். எழுத்துகளை மூன்று அளவிலும் புதிதாக வரைந்தேன். அக்கா வாடிக்கைக்காரரின் போன் திரையைக் குறுக்கே அளந்து, அதற்கேற்றதை ஏற்றிக் கொடுப்பார். விலை எல்லா அளவுக்கும் முப்பது ரூபாதான். வாங்கியவர் பிறகு பெரிய போனுக்கு மாறினால் பத்து ரூபா. பிரித்து விடுகிற கூலி.

இந்தப் பத்து ரூபாவை எதிர்த்துப் போராடிய ஒரே ஆள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்தவர். புதிதாகப் பெரிய போன் வாங்கியிருந்தார்.

"ஏன் பிள்ளை, திரை பெரிசெண்டா ராகு காலமும் நீளுமோ? அதே ஒண்டரை மணித்தியாலம்தானே?"

"ராகு காலம் நீளாது சார். அது போட்டிருக்கிற சட்டை பத்தாது."

அதிபர் பத்து ரூபாவைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் ஆசிரியர் அறையில் இதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எதிர்ச் சாரியிலும் ஒரு போன் கடை இருந்தது. அந்த அண்ணன் கையிலிருக்கிற போனைப் பார்த்துத்தான் விலை சொல்லுவார். தேய்ந்த போன் என்றால் இருபது ரூபா, பளபளப்பாக இருந்தால் நூறு. "பெரிய போன் வெச்சிருக்கிறவன்கிட்ட பெரிய காசு இருக்கும் தம்பி. அவனுக்கே வெல கூடினாத்தான் சந்தோசம்" என்பார். அக்கா இந்தப் பக்கத்திலிருந்தே கத்துவார். "சாமானுக்கு வெல சொல்லுங்க! ஆளுக்கு வெல சொல்லாதீங்க!" இருவருக்கும் நடுவே பஸ் வந்து நின்றால்தான் சண்டை ஓயும்.

இனி அக்காவின் கல்யாண விசயம். அவரைப் பெண் பார்க்க ஐந்து பேர் வந்து போயிருந்தார்கள். ஐந்து பேருக்கும் அக்கா சொன்ன பதில் ஒன்றுதான். "நல்ல மனுசன்தான். அளவு சரியில்ல." அவருடைய அப்பா, "ஒனக்கு மாப்பிள்ளையத் தச்சுத்தான்டி குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓய்ந்துபோனார். முப்பத்தைந்தைத் தாண்டியதும் ஊரும் பேச்சை விட்டுவிட்டது. சிரித்துக்கொண்டேதான் இருப்பார் அக்கா. ஆனால் மற்றவர்களின் கூறைச் சேலைக்கு ரவிக்கை தைக்கிற நாட்களில் மட்டும் கடையில் அதிகம் பேசமாட்டார். அதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம்.

அப்போதுதான் அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற ஒரு லொறி டிரைவர் போனுக்கு உறை தைக்க வந்தார். நாற்பது வயது, சாதுவான மனிதர். சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததால் இடது பக்கம் மேலேறி வலது பக்கம் தொங்கியது.

"பொத்தான் ஒண்ணு மாறிப் போயிருச்சு" என்றார் அக்கா, பொறுக்கமாட்டாமல்.

"விடுங்க. லொறிக்குத் தெரியாது" என்றார் அவர்.

அக்கா சிரித்த சிரிப்பு எதிர்க் கடைவரை கேட்டது. அடுத்த வாரம் அவர் இன்னொரு உறை தைக்க வந்தார். அதே போனுக்கு. பொத்தான் அன்றைக்கும் மாறித்தான் இருந்தது. வேண்டுமென்று செய்கிறாரோ என்று நாங்கள் சந்தேகப்பட்டோம். அப்படியில்லை, மனிதரே அப்படித்தான். மூன்று மாதத்தில் ஒரு போனுக்கு ஐந்து உறை ஆனது. ஆறாவது தடவை அவர் உறை கேட்கவில்லை. வேறு எதையோ கேட்டிருக்கிறார். அன்று மாலை அக்கா தன் அப்பாவிடம் போய், "சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னாராம். அவர் அப்பா வாசலில் உட்கார்ந்து அழுதாராம்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு முதல் டெப், அதாவது பலகைக் கணினி, வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்துப் பத்து முடிகிற நேரம். தொடுதிரைப் போன்களே அப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அவற்றுக்கும் என் ராகு காலத்தை மாற்றிச் செய்து வைத்திருந்தேன். கத்தாரிலிருந்து திரும்பிய ஒருவர், சிலேட்டுப் போல ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி அக்காவின் கடைக்கு வந்தார். அக்கா அதைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார்.

"இதுக்கு இன்னும் தைக்கலீங்க. பத்து நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டு, எனக்கு போன் போட்டார். "தம்பி, சிலேட்டு சைசுல ஒண்ணு வந்திருக்கு. அதுக்கும் தச்சு வெச்சிரு."

நான் சரி என்றேன். ஆனால் மனது வரவில்லை. ஊரில் ஒரே ஒரு டெப். அதற்காக ஏழு கிழமையையும் திரும்ப வரைவதா? அடுத்த சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கினபோது எதிர்க் கடை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கத்தார்க்காரர் அவருடைய கடையில் நின்றுகொண்டிருந்தார்.

"தொடுதிரைப் போனுக்கு வெச்சிருக்கிறதே இதுலயும் ஓடும்ல? ஏத்திக் குடு தம்பி. பெரிய சைஸ்னு சொல்லி எரநூத்தம்பது வாங்குவோம். பாதி ஒனக்கு."

ஏற்றினேன். ஓடியது. தானாகவே பெரிதாகித் திரை முழுக்க நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே நாலரை முதல் ஆறு என்று சரியாக இருந்தது. முதல் வரி சரியென்றால் மீதியும் சரியாகத்தானே இருக்கும் என்று மூடிவிட்டேன். கத்தார்க்காரர் இருநூற்றைம்பதை எண்ணிக் கொடுத்துவிட்டு, "பாத்தீங்களா, அந்த அக்கா முப்பது ரூபாய்க்கு விக்குதாம். அதுல என்னா இருக்கப் போவுது" என்று பெருமையோடு போனார். நான் அக்காவின் கடைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு நடந்தேன். அந்தக் கத்தார்க்காரர் லொறி டிரைவரின் சொந்த அண்ணன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கத்தாரிலிருந்து அப்போதுதான் வந்தவர் என்பதால் அவருக்கும் அக்காவுக்கும்கூட ஒருவரையொருவர் தெரிந்திருக்கவில்லை.

தை மாதத்து வெள்ளிக்கிழமை, தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதேகால் முதல் பத்தேகால். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்து, கோயிலுக்கு மேலே பத்து நிமிட ஏற்றத்தில் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில், உறவினரிடம் தங்கியிருந்தார்கள். ஒன்பது மணிக்குத் தப்பு மேளம் அடித்துக்கொண்டு அவர்கள் இறங்கி வரவேண்டும். நான் கோயில் வாசலில் தேத்தண்ணியும் வடையுமாக நின்றேன். தப்புச் சத்தம் மேலே கேட்டது, பிறகு நின்றது. பனி மூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க யாரு? முகூர்த்தத்துல ராகு காலம் விழுதாம்! மாப்பிள்ள பன்னெண்டுக்கு மேலதான் எறங்குவாராம்!"

ஐயருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தானய்யா ராகு காலம்! சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"அது பழைய ராகு காலமாம் ஐயா. மாப்பிள்ளையோட அண்ணன் கத்தார்லேர்ந்து கொண்டாந்த பெரிய சாமான்ல ஒம்பதுலேர்ந்து பத்தரைன்னு போட்டிருக்கு. எதுக்கும் ரெண்டு ராகு காலமும் முடியட்டும்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்றாங்க."

"பன்னெண்டு வரைக்கும் நான் இருக்க முடியாது. பதினொண்ணுக்கு றொசல்லைல எனக்கு வேற பூசை இருக்கு. இந்த மாசத்துல வேற முகூர்த்தமும் இல்ல, சொல்லிட்டேன்."

கடித்த வடையைக் கீழே வைத்துவிட்டேன். கோயிலுக்குப் பின்னால் இருந்த அறைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

சிவப்புக் கூறைச் சேலை, தலை நிறைய மல்லிகை. கழுத்தில் இருந்த நகைகளோடு நகையாக மஞ்சள் நாடாவும் தொங்கியது. அன்றைக்குக்கூடக் கழற்றவில்லை. கூட இருந்த பெண்களை வெளியே போகச் சொன்னார்.

"தம்பி, நேராச் சொல்லு. அந்தச் சிலேட்டுக்கு நம்ம ராகு காலத்த யாரு வித்தது?"

"எதிர்க் கடை அண்ணன்."

"அவருக்கு யாரு குடுத்தது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பிரிச்சுத் தச்சியா, இழுத்து விட்டியா?"

"இழுத்து விட்டேன்க்கா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருசத்துல ஒண்ணே ஒண்ணுதான் தம்பி எனக்கு அளவாக் கெடச்சுச்சு" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது. அதற்கு நேரம் இல்லாததால், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் மேலே ஓடினேன்.

லயத்து வாசலில் மாப்பிள்ளையின் அண்ணன் டெப்பை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றார். சுற்றிலும் கூட்டம். மாப்பிள்ளை பட்டுச் சட்டையும் மாலையுமாக ஒரு மூலையில் விழித்துக்கொண்டு நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். ஏழு கிழமைகளையும் ஒரு படமாகவும் ஏழு நேரங்களையும் இன்னொரு படமாகவும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தேன் அல்லவா, அந்தப் பெரிய திரையில் கிழமைகள் முழுதாக இழுபட்டு நீண்டிருந்தன. நேரங்கள் அவ்வளவு இழுபடவில்லை. ஞாயிறு நேராகத்தான் இருந்தது. கீழே போகப் போக நேரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, வெள்ளிக்கு நேரே சனியின் ஒன்பது முதல் பத்தரை வந்து உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, இது பிழை. நான்தான் இத செஞ்சவன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? எங்க, உங்க போனக் காட்டுங்க."

காட்டினேன். தீப்பெட்டி அளவு போன்.

"இத வெச்சிருக்கிறவரு என் டெப்பப் பிழைங்கிறாரு!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் சிரித்தது. "தம்பி, இது எரநூத்தம்பது ரூபா. பிழையான சாமானுக்கு யாராச்சும் இவ்வளவு வெல போடுவாங்களா?"

அந்த விலையில் பாதி என் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே சுவரில் நாள்காட்டி தொங்குவதைக் காட்டினேன். "அது போன வருசம் அச்சடிச்சது. இது இப்ப இப்ப வர்றது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியதில் தெரிகிறதுதான் சரி என்று அந்த வாசலில் இருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். வெள்ளிக்கிழமை ராகு காலத்தைப் பிறந்தது முதல் மனப்பாடமாக வைத்திருந்த கிழவர்களும் நம்பினார்கள்.

அப்போது கூட்டத்தின் பின்பக்கம் "ஐயோ!" என்று ஒரு சத்தம். திரும்பினோம். சேலையைக் கணுக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலெல்லாம் சேறாக, அக்கா ஏறி வந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கைவைத்துவிட்டார். "தாலி ஏறல, பொண்ணு மாப்பிள்ள வாசல்ல வந்து நிக்கலாமாம்மா!"

"அத்த, நான் பொண்ணா வரல. கடைக்காரியா வந்திருக்கேன்" என்றார் அக்கா. "சாமான்ல கோளாறுன்னா கடைக்காரிதானே வந்து பாக்கணும்."

விற்றது அவர் இல்லை. அதை அவர் சொல்லவும் இல்லை. என்னைக் கைகாட்டவும் இல்லை. டெப்பை வாங்கி ஒரு முக்காலியில் வைத்தார். கழுத்திலிருந்த நாடாவை எடுத்து, கடைசிக் கிழமையான சனிக்கு நேரே குறுக்கே பிடித்தார்.

"அண்ணே, சனிக்கிழமைக்கு ராகு காலம் எத்தன மணிக்கு? படிங்க."

அண்ணன் குனிந்தார். நாடாவுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. "ஒண்ணும் இல்லியே" என்றார்.

"அப்ப கல்யாணத்த நாளைக்கே வெச்சிருக்கலாமே, ராகு காலமே இல்லாத நாளு" என்றார் கூட்டத்தில் ஒருவர். யாரோ அவரை உட்கார வைத்தார்கள்.

"கெழம ஏழு. நேரமும் ஏழு, எண்ணிப் பாத்துக்குங்க. கடைசிக் காஜாவுக்குப் பொத்தான் இல்லன்னா என்னா அர்த்தம்? மேல எங்கயோ மாத்தி மாட்டியாச்சுன்னு அர்த்தம்." அக்கா நிமிர்ந்து, மூலையில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். "நம்பலன்னா அங்க பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பட்டுச் சட்டை இடது பக்கம் மேலேறி வலது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு காஜா பொத்தான் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"அட பாவி! கல்யாணத்தன்னிக்குமா!" என்றார் அவர் அம்மா.

மாப்பிள்ளை குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு டெப்பைப் பார்த்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார். "ஆமாண்ணே, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதானாம். அண்ணன் விரலை வைத்து இரண்டு தரம் எண்ணினார். மூன்றாவது தரம் அம்மா எண்ணவிடவில்லை. "எறங்குங்கடா எல்லாரும்!" என்று ஒரு சத்தம் போட்டார்.

பத்து நிமிட இறக்கம் அன்றைக்கு ஆறு நிமிடம்தான் எடுத்தது. தப்புக்காரர்கள் ஓடிக்கொண்டே அடித்தார்கள். மாப்பிள்ளை போய்ச் சேரும்போது பெண் உள்ளே இருந்தாக வேண்டும் என்பதால், அக்கா தேயிலைக்குள் புகுந்து எங்களுக்கு முன்னால் ஓடினார். பனிக்குள் சிவப்புச் சேலை கீழே கீழே போவது மட்டும் தெரிந்தது. ஐயர் ஒன்றையுமே பார்க்காதவர் போல மந்திரத்தைத் தொடங்கினார். தாலி ஏறும்போது பத்து மணி பன்னிரண்டு நிமிடம். ஐயர் கைக்கடிகாரமும் என் தீப்பெட்டிப் போனும் ஒரே நேரத்தைத்தான் காட்டின.

அடுத்த பத்து நாளும் உட்கார்ந்து டெப்புக்கென்றே எல்லாவற்றையும் புதிதாக வரைந்தேன். ஒவ்வொரு கிழமையையும் அதன் நேரத்தையும் ஒரே படமாகச் சேர்த்து வரைந்தேன், இனி யாரும் எவ்வளவு இழுத்தாலும் பிரியாதபடி. இருநூற்றைம்பதில் என் பங்கையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். முதலில் சனிக்கிழமையைத்தான் பார்த்தார். பிறகு அந்தக் கத்தார் அண்ணனைக் கூப்பிட்டு, என் பங்கை அவரிடம் திருப்பிக் கொடுக்கும்படி எனக்குச் சொல்லிவிட்டு, பிரித்துத் தைத்த கூலியாகப் பத்து ரூபா கேட்டார். அண்ணனுக்கு மனமே இல்லை. "இவ்வளவு மலிவா? அப்ப சரியா இருக்குமா?" என்று நாலு தடவை கேட்டார். ஏற்றிக்கொண்டார்தான். ஆனாலும் பழையதை அழிக்க விடவில்லை. காசு கொடுத்து வாங்கியதாம்.

பிறகு ஒரு வருடம் கழித்துக் கடைக்குப் போனபோது, தையல் மெசினுக்கு மேலே கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அக்கா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் மாப்பிள்ளை. அன்றைய ஓட்டத்தில் யாருக்கும் ஞாபகம் வராததால் சட்டை அப்படியே இடது பக்கம் மேலேறி வலது பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் சரிபண்ணித் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னாராம். அக்கா தொடக்கூடாது என்றுவிட்டாராம்.

"என்னாக்கா, உங்க கடையிலயே ஒரு சட்டை தப்பாத் தொங்குது. வாடிக்கைக்காரங்க என்ன நெனப்பாங்க?" என்றேன்.

அக்கா நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு படத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"அது தப்பில்ல தம்பி" என்றார். "அதுதான் அளவு."